வித்தவுட் என்று கேட்க முடியாத பானம்

தாம்பரம் இரயில் நிலையத்தின் மேற்குப் பக்கமாக இறங்கிச் சண்முகம் சாலைக்குள் நுழைகிறவர்கள், அங்குள்ள பழரசக் கடையில் சாத்துக்குடியைப் பிழியச் சொல்லிவிட்டு, ‘சக்கரை கம்மியாப் போடுங்கண்ணே’ என்றோ, நீரிழிவுக்காரராக இருந்தால் ‘வித்தவுட்’ என்றோ கூடவே ஒரு வார்த்தை சொல்வது வழக்கம். கடைக்காரர் அதற்காக முகம் சுளிப்பதுமில்லை, விலையில் ஒரு ரூபாய் குறைப்பதுமில்லை. நம்முடைய தெருவோர வியாபாரத்தில், கொடுப்பவருக்கும் குடிப்பவருக்கும் இடையே எழுதப்படாத ஒப்பந்தமாக நெடுங்காலம் நிலைத்து வந்திருக்கிற உரிமை இது. டீக்கடையிலும் காப்பிக் கடையிலும் இன்றும் கேள்வியின்றிச் செல்லுபடியாகிறது. ஆனால், கிழக்கே சேலையூர், கேம்ப் ரோடு வழியாக மேடவாக்கம் வரையிலும், தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர் வரையிலும், துரித உணவுக் கடைகளின் முகப்பில் கண்ணாடி போன்ற தொட்டிகளுக்குள் சிவப்பாகவும் நீலமாகவும் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கிற ‘ஸ்லஷ்’ என்னும் பனிக்கூழ்ப் பானத்தின் முன்னால் நின்று அந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள். குழாயைத் திறந்து குவளையை நிரப்புகிற பையனால், உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை. சர்க்கரை அதில் ஏற்கெனவே கலந்தாயிற்று. அதைக் குறைக்கும் அதிகாரம் அவனுக்கும் இல்லை, அவனுடைய முதலாளிக்கும் இல்லை.

முதலாளிக்கும் ஏன் இல்லை என்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். இந்தப் பானத்தின் இரகசியம் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. வெறும் தண்ணீரை உறைநிலைக்குக் கீழே குளிர்வித்தால் அது கட்டியாகிவிடும். கட்டியானால், தொட்டிக்குள் சுழலும் திருகு சிக்கிக்கொள்ளும், மோட்டார் திணறும், கடைக்காரர் அன்றைய வியாபாரத்தை மறந்துவிட்டுப் பழுதுபார்ப்பவரைத் தேடிப் போக வேண்டியதுதான். சர்க்கரை கரைந்த நீரோ அவ்வாறு ஒரேயடியாக உறைந்துவிடுவதில்லை. முதலில் நீரில் ஒரு பகுதி மட்டும் நுண்ணிய பனித்துகள்களாகப் பிரிய, எஞ்சிய பாகு முன்னிலும் அடர்த்தியாகி, அடர்ந்த காரணத்தாலேயே உறைவதற்கு இன்னும் அதிகக் குளிரை வேண்டி நிற்கிறது. இப்படிச் சுழியப் பாகைக்கு இரண்டு மூன்று பாகை கீழே, ஒரு பங்கு பனியாகவும் மறு பங்கு பாகாகவும், திடமென்றும் திரவமென்றும் சொல்ல முடியாமல் நிற்கிற அந்த இரண்டுங்கெட்டான் நிலைக்குத்தான் ஸ்லஷ் என்று பெயர். அந்த நிலை கலையாமல் இருக்க வேண்டுமானால் நூறு மில்லிக்கு ஏறத்தாழ 12 கிராம் சர்க்கரை தேவைப்படுகிறது. பாயசத்திலோ பழரசத்திலோ சர்க்கரை ருசிக்காகச் சேர்கிறது, ஆகவே குறைக்கலாம், கூட்டலாம். இங்கே அது பானத்தின் சரீரமாகவே இருக்கிறபடியால், குறைத்தால் பானமே இல்லை.

இதற்கு மேல் ஒரு விநோதமும் உண்டு. நம் நாவில் இனிப்பை அறிகிற அணுக்கள் குளிர்ச்சியில் மந்தப்பட்டுப் போகின்றன. அதே அளவு சர்க்கரை, வெதுவெதுப்பான நீரில் தெவிட்டுவதாகவும், பனிக்குளிரில் இதமானதாகவும் தோன்றுவது இதனால்தான். போதாததற்கு, எலுமிச்சைப் புளிப்புக்காகச் சேர்க்கிற சிட்ரிக் அமிலம் இனிப்பின் கூர்மையை மேலும் மறைத்துவிடுகிறது. சந்தேகமுள்ளவர்கள் ஒரு குவளையை வாங்கி, உருகும் வரை மேசைமேல் வைத்திருந்து, அறையின் உஷ்ணத்துக்கு வந்த பிறகு குடித்துப் பார்க்கலாம். இரண்டு மிடறுக்கு மேல் இறங்குவது கடினம். அந்தத் தெவிட்டல் நமக்கு இயற்கை அளித்த காவல். குளிர்ச்சி அந்தக் காவலனை உறங்க வைத்துவிட்டுப் பாகை உள்ளே அனுப்புகிறது.

பனிக்கட்டியைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் சென்னைக்குப் புதிதன்று. மாசசூசெட்ஸ் மாகாணத்துக் குளங்களில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்த பாளங்களை மரத்தூளில் பொதிந்து, உலகத்தைப் பாதி சுற்றிக் கப்பலில் கொண்டுவந்து விற்ற பிரெடரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர், 1842-இல் நம் கடற்கரையில் எழுப்பிய சேமிப்புக் கிடங்குதான், பிற்பாடு பிலிகிரி ஐயங்காரின் மாளிகையாகி, 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் அவர் பெயரையே பெற்றுவிட்ட ஐஸ் ஹவுஸ். டியூடரின் பனிக்கட்டி துரைமார்களின் கோப்பைக்கே போதுமானதாக இருந்தது. அதில் சர்க்கரையும் இல்லை. பனியையும் பாகையும் இயந்திரத்தில் இணைத்தவர் இன்னோர் அமெரிக்கர். கான்சாஸ் மாகாணத்தின் காஃபிவில் என்னும் சிற்றூரில் கடை வைத்திருந்த ஓமர் நெட்லிக் என்பவர், தம்முடைய சோடா இயந்திரம் பழுதான காலத்தில் புட்டிகளை உறைபெட்டியில் வைத்துப் பாதி உறைந்த நிலையில் விற்க, ஜனங்கள் அதையே விரும்பிக் கேட்கலானார்கள். 1950-களின் கடைசியில் அவர் அதற்கென்றே ஓர் இயந்திரத்தை அமைத்தார். அடுத்த பத்தாண்டுக்குள் செவன் இலெவன் கடைகள் அதை ‘ஸ்லர்ப்பி’ என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் பரப்பின. நம் பக்கத்துக்கு அது வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது என்றாலும், வந்த பிறகு ஜி.எஸ்.டி. சாலையின் இரு மருங்கிலும் வேரூன்றத் தாமதிக்கவில்லை.

மே மாதத்துக் கத்திரி வெயிலில், மீனம்பாக்கத்து வெப்பமானி 40 பாகையைத் தாண்டி நிற்கிற பிற்பகலில், கல்லூரி விட்டு வரும் மாணவர்களும், மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் வேலை முடித்து வெளிவருகிற பெண்களும், ஒரு குவளைக் குளிர்ச்சிக்கு ஆசைப்படுவதை எவரும் குற்றம் சொல்ல முடியாது. நானும் சொல்ல வரவில்லை. வியாபாரியையும் குறை சொல்வதற்கில்லை. என் வழக்கெல்லாம், அந்தக் குவளைக்கு மேலே தொங்கும் பலகையில் எழுதியிருக்கிற எண்ணைப் பற்றியதுதான்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2020-இல் வகுத்து, 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்களும், ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே அதன் கலோரி அளவைக் குறிக்க வேண்டும். சாதாரணமாக உழைக்கும் வளர்ந்த மனிதர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2000 கலோரி தேவை என்ற வாசகத்தையும் பலகையில் எழுத வேண்டும். நல்ல நோக்கத்தோடு செய்த விதிதான். ஆனால் இந்தப் பானத்தின் விஷயத்தில் அது செய்கிற வேலையைப் பாருங்கள். நூறு மில்லிக்கு 12 கிராம் என்ற கணக்கில், அரை லிட்டர்க் குவளை ஒன்றில் 60 கிராம் சர்க்கரை இருக்கும். கிராமுக்கு நான்கு கலோரி வீதம் அது 240 கலோரி. பலகையை அண்ணாந்து பார்க்கிற மாணவன், பக்கத்தில் பர்கருக்கும் பொரித்த கோழிக்கும் நேரே எழுதியிருக்கிற பெரிய எண்களைக் கண்டு, இது அவற்றைவிடச் சாதுவானது, ஒரு மசாலா தோசையின் அளவுகூட இல்லை, நாளின் தேவையான இரண்டாயிரத்தில் எட்டில் ஒரு பங்குதானே என்று நியாயமாகவே முடிவு செய்கிறான். அவனுடைய கூட்டல் கழித்தல் பிசகவில்லை. கையில் கொடுத்த அளவுகோல்தான் பிசகானது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட பரிந்துரை, உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையின் பங்கு நாளின் மொத்தச் சக்தியில் பத்தில் ஒன்றுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், இருபதில் ஒன்றுக்குக் குறைந்தால் இன்னும் நன்மை என்றும் கூறுகிறது. 2000 கலோரிக் கணக்கில் முன்னது 50 கிராம், பின்னது 25 கிராம். அதே குவளையை இந்தக் கோலால் அளந்தால், உச்ச வரம்பையே அது ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறது. கலோரிக் கோலில் நாளின் பன்னிரண்டு விழுக்காடாகத் தெரிகிற பொருள், சர்க்கரைக் கோலில் நூற்றிருபது விழுக்காடு. பத்து மடங்கு வித்தியாசம்! சட்டம் முதல் எண்ணைப் பெரிதாக எழுதச் சொல்லிவிட்டு, இரண்டாவது எண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை.

முழுவதும் திறக்கவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. சத்து விவரங்களைக் கேட்கிறவர்களுக்குச் சிறு புத்தகமாகவோ, துண்டறிக்கையாகவோ, இணையதளத்திலோ தர வேண்டும் என்று அதே விதிகளில் ஒரு மூலையில் இருக்கிறது. பின்னால் பத்துப் பேர் நிற்கிற வரிசையில், முன்னால் நிற்பவர் சத்து விவரப் புத்தகம் கேட்டால் என்ன நடக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன். இதில் இன்னொரு முரண்பாடும் இருக்கிறது. இதே பாகைப் புட்டியில் அடைத்து மூடி விற்றால், மொத்தச் சர்க்கரை எவ்வளவு, அதில் சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு என்று கிராம் கணக்கில் அச்சிட்டே ஆக வேண்டும். அதைக் கடையில் தண்ணீர் கலந்து, பனியாக்கிக் குவளையில் ஊற்றினால் அந்தக் கடமை மறைந்துவிடுகிறது. ஒற்றைக் கடை வைத்திருப்பவருக்குக் கலோரி எழுதும் கடமையும் கிடையாது.

தாகத்துக்காகக் குடிக்கிறோம் என்பார்கள். வயிற்றுப்போக்கிலும் வெயிலிலும் நீரிழந்த சரீரத்துக்கு நீரேற்ற உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஓ.ஆர்.எஸ். கரைசலில், உப்புகளோடு, லிட்டருக்கு 13.5 கிராம் குளூக்கோஸ் மட்டுமே உண்டு. குடலின் வழியாக நீர் விரைந்து உட்புக அந்த அளவே உகந்தது என்பது நெடுநாள் ஆராய்ச்சியின் முடிவு. ஸ்லஷ் பானத்தில் லிட்டருக்கு 120 கிராம். கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. அத்தனை அடர்ந்த பாகு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்குகிறது. வாய்க்குக் கிடைத்த தாகசாந்தி சரீரத்துக்குக் கிடைப்பதில்லை. சர்க்கரைப் பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளையே ஒட்டி விற்ற கொடுமையை எதிர்த்து, ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகள் தனியே போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடுத்தது என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சொன்னதும், ‘அந்தக் காலத்து நன்னாரி சர்பத்தைப் போல வருமா’ என்று பெருமூச்சு விடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுடைய ஏக்கத்தில் பாதிக்குமேல் நான் பங்குகொள்வதற்கில்லை. நன்னாரியும் சர்க்கரைப் பாகுதான். ரோஸ் மில்க்கும் மதுரை ஜிகர்தண்டாவும் பத்தியத்துக்கு உகந்த வஸ்துக்கள் அல்ல. மணி கட்டிய சக்கரத்தில் நசுக்கித் தருகிற கரும்புச் சாறு, சர்க்கரையின் அளவில் ஸ்லஷ் பானத்துக்கு எவ்விதத்திலும் சளைத்ததன்று. என்றாலும் கரும்பு கண்ணெதிரே இருக்கிறது, குடிப்பவர் எதைக் குடிக்கிறோம் என்று அறிந்தே குடிக்கிறார். நீர்மோரையும் இளநீரையும் மட்டும் இந்தக் குற்றப்பட்டியலிலிருந்து கௌரவமாக விடுவிக்கலாம். ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறுமுன்னே, 2017 மார்ச் முதல் தேதி தொடங்கி, தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அந்நிய குளிர்பானங்களை விற்பதில்லை என்று முடிவெடுத்தபோது, 1916-இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பொவொண்டோவுக்குப் புது மவுசு வந்தது. நம் ஊர் உற்பத்திக்கு ஆதரவு பெருகியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கணையம் சுதேசி, விதேசி என்ற பேதம் அறியாது.

அந்தக் கணையங்களின் நிலைமை எப்படி இருக்கிறதென்பதைச் சென்னையிலேயே இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நாடு முழுவதும் நடத்தி, 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நாட்டில் நீரிழிவுடையோர் 10.1 கோடி, அதன் வாயிலில் நிற்போர் 13.6 கோடி. வளர்ந்தோரில் நீரிழிவுடையோர் நாடளவில் 11.4 விழுக்காடு என்றால், தமிழ்நாட்டில் 14.4. இது ஸ்லஷ் பானத்தால் மட்டும் வந்த வினை என்று நான் சொன்னால், சோற்றுப் பானையும் அலுவலக நாற்காலியும் என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஆயினும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக, நீரிழிவு மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிற பெருந்தன்மை நம் அரசுக்கு இருக்கிறது. தெருமுனையில் விற்கிற குவளையில் எத்தனை கிராம் என்று எழுத வைப்பது அதைவிடச் செலவு குறைந்த காரியம்.

நம் அதிகாரிகள் விரைந்து செயல்படத் தெரியாதவர்கள் அல்லர். 2024 பிப்ரவரியில், பஞ்சுமிட்டாயில் ரோடமைன்-பி என்னும் துணிச்சாயம் கலந்திருப்பதை ஆய்வகம் உறுதி செய்ததும், தமிழ்நாடு அரசு அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. சரியான நடவடிக்கைதான். ஆனால், பஞ்சுமிட்டாய் என்பது சாயம் பூசிய சர்க்கரை என்பதையும், சாயத்தை நீக்கினால் மிச்சமிருப்பது முழுக்க முழுக்கச் சர்க்கரைதான் என்பதையும் பற்றி அந்நாளில் ஒருவரும் பேசவில்லை. விஷமென்று பெயர் கேட்ட சாயத்துக்கு அஞ்சுகிற அளவுக்கு, இருபது வருஷம் கழித்துக் கண்ணையும் சிறுநீரகத்தையும் கேட்கிற பொருளுக்கு நாம் அஞ்சுவதில்லை.

வரி போட்டால் போதுமே என்பவர்கள் பிரிட்டனின் அனுபவத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். 2018 ஏப்ரலில் அங்கே சர்க்கரைப் பானங்களுக்கு வரி வந்தது. நூறு மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழே சர்க்கரையைக் குறைத்தவர்களுக்கு விலக்கு. பல பானங்களில் சர்க்கரை மெய்யாகவே குறைந்தது. ஸ்லஷ் தயாரித்தவர்களுக்கோ முன்னே சொன்ன சங்கடம்: சர்க்கரையைக் குறைத்தால் தொட்டி கட்டியாகிவிடும். அவர்கள் கிளிசராலைக் கலந்து உறையாமல் காத்தார்கள். சிறு குழந்தைகள் அதை மளமளவென்று குடித்தபோது, சிலருக்கு இரத்தச் சர்க்கரை திடீரென்று விழுந்து மயக்கம் வந்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இவ்வாறு மருத்துவமனைக்கு வந்த 21 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2025 மார்ச்சில் வெளியாயிற்று. நான்கு வயதுவரை உள்ளவர்களுக்குக் கொடுக்கலாகாது என்று 2023-இல் சொன்ன அந்நாட்டு உணவுத்தர அமைப்பு, பிறகு அந்த வரம்பை ஏழு வயதுக்கு உயர்த்தியது. ‘சர்க்கரை இல்லாத ஸ்லஷ்’ என்று ஒரு பலகை நம் ஊரில் தென்படுமானால், அதில் சர்க்கரைக்குப் பதிலாக என்ன இருக்கிறதென்று கேட்காமல் குழந்தைக்கு வாங்கித் தராதீர்கள்.

நான் கேட்பது தடையுமன்று, வரியுமன்று. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதத்தில், தன் பள்ளிகளிலெல்லாம் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொல்லி உத்தரவிட்டது. பிள்ளைகள் வழக்கமாக உண்ணும், பருகும் பண்டங்களில் எத்தனை சர்க்கரை என்பதை அதில் எழுதி வைக்க வேண்டும். பள்ளிச் சுவரில் அந்தப் பலகையைப் படித்த பிள்ளை, மாலையில் பெற்றோருடன் கடைமுன் நிற்கும்போது அங்கே கலோரியை மட்டும் பார்க்கிறான், அல்லது ஒன்றையும் பார்ப்பதில்லை. வாங்குகிற இடத்தில் இல்லாத தகவல் வகுப்பறையில் இருந்து என்ன பிரயோசனம்? குவளையின் அளவுக்கு நேரே, 200 மில்லி 24 கிராம், 300 மில்லி 36 கிராம், 500 மில்லி 60 கிராம் என்று, விலையை எழுதுகிற அதே பெரிய எழுத்தில் எழுதட்டும். அதற்குப் பக்கத்தில் நாளுக்கு 25 கிராம் என்ற எண்ணும் இருக்கட்டும். கேட்காதவருக்குச் சிறிய குவளையையே கொடுக்கட்டும். அதன் பிறகும் பெரிய குவளை வேண்டுமென்பவருக்கு அது அவருடைய சுதந்திரம்.

ஒவ்வொரு கடையிலும் சர்க்கரையை அளப்பது நடைமுறைச் சாத்தியமா என்ற ஆட்சேபத்துக்கு, பதில் அந்தத் தொழிலிலேயே இருக்கிறது. பாகு வருகிற கேனின் மேல் அதன் சர்க்கரை அளவும், எத்தனை பங்கு தண்ணீர் சேர்க்க வேண்டும் என்ற விகிதமும் அச்சாகி வருகின்றன. அந்த விகிதம் தவறினால் இயந்திரம் கட்டிதட்டிப் போகுமாதலால், கலவையின் பிரிக்ஸ் அளவை, அதாவது சர்க்கரைச் செறிவைச் சரிபார்க்கும் சிறு கருவிகளும் இத்தொழிலில் புழக்கத்தில் உண்டு. இயந்திரத்தின் நலனுக்காக அளக்கப்படுகிற எண்ணை, மனிதரின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சாக்கட்டியால் எழுதுவது ஒன்றே பாக்கி. விதிகளைத் திருத்துவது டெல்லியின் காரியம், அது வருகிறபோது வரட்டும். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவான தாம்பரம் மாநகராட்சி தனக்குச் சொந்தமான கடைகளை வாடகைக்கு விடும்போதும், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் உணவுக் கடைகளுக்கு இடம் ஒதுக்கும்போதும், ஒப்பந்தத்தில் குப்பைத்தொட்டிக்கும் தீயணைப்பானுக்கும் இடம் ஒதுக்குகிற நிபந்தனைகளோடு இந்தப் பலகைக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்; கத்திரி தொடங்குவதற்குள் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களிலிருந்தே அதை ஆரம்பிக்கலாம்.